மார்க்கர் ஏறியிருக்கு... அப்புறம்?

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த பெண்களை வருடக்கணக்கில் விடாமல் துரத்துகிறது ஒரு ரத்தப் பரிசோதனை. அது யாருக்கு உதவும், யாரைச் சும்மா வதைக்கும்?

புற்றுநோய் மருத்துவமனையில் ரிவ்யூ நாள். காலை ஒன்பதரைக்கே புறநோயாளிகள் பிரிவில் உட்கார இடமில்லை. மடியில் தடித்த ஃபைல், அதன்மேல் தண்ணீர் பாட்டில், பக்கத்தில் துணைக்கு வந்த மகள். டாக்டர் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாத் தலைகளும் நிமிர்கின்றன. மகளின் செல்போன் சிணுங்குகிறது. முந்தின நாள் ரத்தம் எடுத்த லேப், வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறது. விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள். ஹீமோகுளோபின் சரி. சர்க்கரை சரி. கிரியாட்டினின் சரி. கடைசிப் பக்கத்தில் 'சிஏ 15-3: 34.2'. வரம்பு 30 என்று போட்டு, எண்ணை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்.

"என்னடி வந்திருக்கு?"

"எல்லாம் நார்மல்தாம்மா. டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்."

அம்மாவுக்கு மகளின் முகமே போதும்.

ஆளும் எண்ணும் மாறும், காட்சி மாறுவதில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடித்து வீட்டுக்குப் போனவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த எண்ணுக்காகத் தூக்கம் தொலைக்கிறார்கள். 2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,92,000 பேருக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்ததாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டது. சென்னைப் பெண்களிடம் ஒரு காலத்தில் முதலிடத்தில் இருந்த கர்ப்பப்பை வாய்ப் புற்றை அது முந்திவிட்டதை, அடையாறு புற்றுநோய் நிலையம் பல பத்தாண்டுகளாகப் பராமரிக்கும் பதிவேடு காட்டுகிறது. சிகிச்சை முன்னேறியிருப்பதால், அதை முடித்து நடமாடுகிறவர்களின் கூட்டமும் பெருகுகிறது. அவர்கள் எல்லோருக்கும் இருப்பது ஒரே கேள்விதான்: திரும்ப வருமா?

ரத்தம் அதற்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடும் என்பது நம்பிக்கை. ஓரளவு சொல்லவும் செய்கிறது. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அந்த எண் எங்கிருந்து வருகிறது?

பால் நாளங்களின் உள்சுவரில் இருக்கும் செல்கள் 'மியூசின்-1' என்ற புரதத்தைச் சுமக்கின்றன. ஆரோக்கியமான செல்லில் அது நாளத்தின் உட்பக்கம் பார்த்தே நிற்கும். உதிர்ந்தாலும் நாளத்துக்குள்ளேயே உதிரும். புற்றாக மாறிய செல்லுக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற கணக்குத் தப்பிவிடுகிறது. எல்லாப் பக்கமும் மியூசின் முளைத்து, உதிர்ந்தவை ரத்தத்தில் கலக்கின்றன. 1980-களில் நெதர்லாந்திலும் அமெரிக்காவின் பாஸ்டனிலும் உருவான இரண்டு எதிர்ப்புரதங்களைச் சேர்த்து, இந்தத் துணுக்குகளை அளக்கும் சோதனை பிறந்தது. அதுதான் சிஏ 15-3; இப்படிப்பட்டவற்றைத்தான் 'கேன்சர் மார்க்கர்' என்கிறார்கள். இதே மியூசினை வேறு வழியில் அளப்பது சிஏ 27.29. ரிப்போர்ட்டில் கூடவே வரும் சிஇஏ, 1965-ல் கனடாவின் மான்ட்ரியலில் குடல் புற்றில் கண்டுபிடிக்கப்பட்டது.

பெரிய கட்டி நிறைய உதிர்க்கும். சின்னக் கட்டி ஏதோ கொஞ்சம் உதிர்க்கும். இந்தச் சோதனையின் பலமும் பலவீனமும் இதற்குள் அடக்கம். முதல் நிலை மார்பகப் புற்றில் சுமார் பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் சிஏ 15-3 உயர்ந்திருக்கும். இரண்டாம் நிலையில் ஐந்தில் ஒருவருக்கு. மூன்றாம் நிலையில்கூடப் பாதிப் பேருக்கு இல்லை. எலும்புக்கோ கல்லீரலுக்கோ பரவிய பிறகுதான் நான்கில் மூன்று பேருக்கு உயர்கிறது. எப்போது கண்டுபிடித்தால் முழுதாகக் குணமாக்கலாமோ, அப்போது இந்தச் சோதனை வாய் திறப்பதில்லை.

'கேன்சர் மார்க்கர் நார்மல்' என்ற ஆபத்து

'மாஸ்டர் செக்கப்' விளம்பரங்களில் இப்போது 'பெண்களுக்கான கேன்சர் மார்க்கர்' என்று ஒரு வரி தவறாமல் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எந்த அறிகுறியும் இல்லாத 10,000 பெண்கள் இந்தச் சோதனையைச் செய்துகொள்கிறார்கள். அவர்களில் 10 பேருக்கு ஆரம்ப நிலைப் புற்று ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனை அவர்களில் ஒருவரையோ இருவரையோ பிடிக்கும். மீதி 9,990 பேரில் நூற்றுக்கு இரண்டு பேர் வேறு காரணங்களால் வரம்பைத் தாண்டினாலே 200 பேர் ஆகிறது. நோயில்லாத 200 பேர் ஸ்கேன் சென்டர்களுக்கு ஓடுவார்கள். நோயுள்ள எட்டுப் பேராவது 'நார்மல்' என்ற காகிதத்தோடு வீட்டுக்குப் போவார்கள்.

அந்த எட்டுப் பேரின் கதைதான் மோசமானது. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டியை வெளியில் சொல்லக் கூசுகிற பெண்ணுக்கு, "ரத்தத்துல ஒண்ணுமில்ல" என்ற வரி பெரிய சாக்கு. ஆறு மாதம், ஒரு வருடம் என்று தள்ளிப்போகும். கட்டி தட்டுப்பட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவை மருத்துவரின் கை, மேமோகிராம், அல்ட்ராசவுண்டு, பயாப்ஸி இவைதான். ரத்தம் அங்கே சாட்சியே கிடையாது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் மார்பகப் புற்றைக் கண்டறியவோ நிலையை வரையறுக்கவோ சிஏ 15-3 வேண்டாம் என்று 2007 வழிகாட்டுதலிலேயே எழுதிவிட்டது.

[பெட்டி] புற்று இல்லாமலும் ஏறும்

• நாள்பட்ட கல்லீரல் நோய், சிரோசிஸ்.
• பி12 சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை. பால், முட்டை, இறைச்சி குறைவாகச் சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது.
• கர்ப்பகாலம், தாய்ப்பால் கொடுக்கும் காலம்.
• புகைப்பவர்களுக்கு சிஇஏ கூடுதலாகவே இருக்கும்.
• லேப் மாறினால் கருவி மாறும், கருவி மாறினால் எண் மாறும். போன தடவை ஒரு லேபிலும் இந்தத் தடவை இன்னொன்றிலும் எடுத்த எண்களை ஒப்பிட்டுப் பதறக் கூடாது.
• முடி கொட்டாமல் இருக்கச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சிலவகை லேப் கருவிகளைக் குழப்பி எண்ணைப் பிழையாக்கும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-ல் இதைப் பற்றி எச்சரித்தது. ரத்தம் கொடுக்கும் முன் லேபில் சொல்லிவிடுங்கள்.

சீக்கிரம் தெரிந்தால் நல்லதுதானே?

சிகிச்சை முடித்தவர்கள் விஷயத்துக்கு வருவோம். நோய் உடம்பில் வேறெங்காவது பரவியிருந்தால், வலியோ இருமலோ வருவதற்குச் சில மாதங்கள் முன்பே மார்க்கர் ஏறிவிடுவதுண்டு. முன்னாலேயே தெரிந்தால் முன்னாலேயே வைத்தியம் பார்த்துப் பிழைக்கலாம் என்பது சாதாரண அறிவு. அந்தச் சாதாரண அறிவை இத்தாலிக்காரர்கள் சோதித்தே பார்த்துவிட்டார்கள்.

1994-ல் இரண்டு ஆய்வுகள் ஒரே மருத்துவ இதழில் வெளியாயின. முதலாவதில் 20 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,320 பெண்கள். சிகிச்சை முடித்த அவர்களைச் சீட்டுக் குலுக்கும் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு எலும்பு ஸ்கேன், கல்லீரல் அல்ட்ராசவுண்டு, நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை என்று குறித்த தேதியில் தீவிரக் கண்காணிப்பு. மறுபாதிக்கு மருத்துவர் தொட்டுப் பார்ப்பது, மேமோகிராம், அறிகுறி வந்தால் மட்டும் மற்றவை. சுமார் ஆறு ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தபோது தீவிரக் கண்காணிப்பில் 132 பேர் இறந்திருந்தார்கள். மறுபாதியில் 122 பேர். 1,243 பெண்களை வைத்து நடந்த இரண்டாவது ஆய்வில் எலும்பிலும் நெஞ்சிலும் பரவல் முன்கூட்டியே அகப்பட்டது. ஐந்தாண்டு இறப்பு விகிதமோ இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

காரணம் நோயின் குணத்தில் இருக்கிறது. எலும்பு, நுரையீரல், கல்லீரல் என்று பரவிவிட்ட மார்பகப் புற்றை இன்றைய மருந்துகள் கட்டுப்படுத்தும். பல ஆண்டுகள்கூடக் கட்டுப்படுத்தும். பெரும்பாலானவர்களுக்கு முழுதாக அழிப்பதில்லை. மருந்தை மார்ச்சில் ஆரம்பித்தாலும் ஜூலையில் ஆரம்பித்தாலும் ஆயுள் கூடுவதாக நிரூபணம் இல்லை. கூடியது ஒன்றுதான்: நோய் திரும்பிவிட்டது என்று தெரிந்து வாழும் மாதங்கள். அறுவை செய்த அதே மார்பிலோ அடுத்த மார்பிலோ புதிதாக வருவது வேறு கதை. அதைச் சீக்கிரம் பிடித்தால் குணப்படுத்தலாம். வருடத்துக்கு ஒரு மேமோகிராம் என்று வற்புறுத்துவது அதற்காகத்தான்.

2012-ல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 'செய்ய வேண்டாம்' என்று வெளியிட்ட ஐந்து அம்சப் பட்டியலில் இந்தக் கண்காணிப்பும் இடம்பெற்றது. குணமாக்கும் நோக்கத்தோடு சிகிச்சை முடித்து, அறிகுறி ஏதுமில்லாமல் இருக்கும் மார்பகப் புற்று நோயாளிக்கு மார்க்கர், பெட் ஸ்கேன், சிடி, எலும்பு ஸ்கேன் ஆகியவற்றை வழக்கமாக எடுக்காதீர்கள் என்றது சங்கம்.

34.2-க்குப் பிறகு நடப்பது

எண் ஏறியது தெரிந்தபின் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்க யாராலும் முடிவதில்லை. முதலில் மறு பரிசோதனை. நாலு வாரம் காத்திருக்கச் சொன்னால் நாலு நாளில் வேறொரு லேபில் எடுப்பார்கள். எண் வேறாக வரும், குழப்பம் கூடும். அப்புறம் சிடி, அப்புறம் பெட் ஸ்கேன். பல ஆயிரம் ரூபாய்; நகை அடகுக் கடைக்குப் போகிற குடும்பங்களும் உண்டு. பெட் ஸ்கேனில் நுரையீரலோரம் ஒரு புள்ளி ஒளிரும். நம் ஊரில் அது காசநோயாகவும் இருக்கலாம்; காசநோய்க் கணுக்களும் புற்றைப் போலவே ஒளிரக் கூடியவை. சந்தேகம் தீர ஊசி குத்திப் பயாப்ஸி. அதிலும் ஒன்றுமில்லை என்றால் நிம்மதி வருமா என்றால், "அப்போ மார்க்கர் ஏன் ஏறுச்சு?" என்ற கேள்வி அடுத்த ஆறு மாதத்துக்கு வீட்டில் குடியிருக்கும்.

இன்னொரு விளைவு சத்தமில்லாதது. ஸ்கேனில் எதுவும் தெரியாமல், எண்ணை மட்டும் நம்பி மருந்தை மாற்றுவது. நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் ஹார்மோன் மாத்திரையை நிறுத்திக் கீமோவுக்குப் போனால், அந்த மாத்திரை தந்திருக்கக் கூடிய காலத்தை நோயாளி இழக்கிறார். முடியும் உதிர்கிறது. மார்க்கரை மட்டும் வைத்துச் சிகிச்சையை மாற்றக் கூடாது என்று வழிகாட்டுதல்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

குடும்பத்துக்குள் நடப்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் ரிப்போர்ட் முதலில் மகன் கைக்கோ கணவர் கைக்கோ போகும். "அவகிட்ட சொல்ல வேணாம்" என்று முடிவெடுப்பார்கள். யாருடைய உடம்போ அவரைத் தவிர எல்லோருக்கும் எண் தெரிந்திருக்கும்.

விதியைச் சொல்வது எது?

நோய் இனி எப்படிப் போகும் என்பதை முன்கூட்டிச் சொல்ல மார்க்கருக்குச் சக்தி உண்டா? உண்டு. அறுவைக்கு முன்பே சிஏ 15-3 கூடுதலாக இருந்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. இருந்தும் 2018-ல் நடைமுறைக்கு வந்த, புற்றின் நிலையை வரையறுக்கும் அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழுவின் எட்டாம் பதிப்புப் பட்டியல் அதற்கு இடம் தரவில்லை. கட்டியின் அளவு, அக்குள் கணுக்கள், செல்லின் கிரேடு, ஈஆர், பிஆர் என்ற ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்-2 என்ற புரதம் ஆகியவைதான் அங்கே முக்கியமாக இருக்கின்றன. இவை பெரும்பாலும் பயாப்ஸி, அறுவைத் திசுவிலிருந்து வருபவை. இவை சிகிச்சையையும் தீர்மானிக்கின்றன: ஈஆர் இருந்தால் ஹார்மோன் மாத்திரை, ஹெர்-2 இருந்தால் அதற்கான ஊசி. மார்க்கர் அப்படி எந்த மருந்தையும் கைகாட்டுவதில்லை.

ஜோசியம் பலித்தும் பரிகாரம் இல்லாத கதை ஒன்று உண்டு. 2004-ல், நோய் பரவிய 177 பெண்களின் ரத்தத்தில் நேரடியாகப் புற்றணுக்களையே எண்ணினார்கள். 7.5 மில்லி ரத்தத்தில் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் ஆயுள் குறைவு என்பது தெளிவாகத் தெரிந்தது. அடுத்து அமெரிக்காவில் 'எஸ்0500' என்ற ஆய்வு. முதல் கீமோ தொடங்கி மூன்று வாரத்தில் அணுக்களின் எண்ணிக்கை இறங்காதவர்களில் பாதிப் பேருக்கு உடனே வேறு கீமோ கொடுத்துப் பார்த்தார்கள். 2014-ல் முடிவு வந்தது. ஆரம்பத்திலேயே அணுக்கள் குறைவாக இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் 35 மாதம், இருந்து இறங்கியவர்களுக்கு 23, இறங்காதவர்களுக்கு 13. இவ்வளவு துல்லியமாகப் பிரித்துக் காட்டிய சோதனையை வைத்து மருந்தை முன்கூட்டி மாற்றியும் ஆயுள் நீளவில்லை.

[பெட்டி] எண்களில்

• 'எத்தனை மடங்கு ஏறினால் புற்று' என்று ஒரு விதி கிடையாது. ஒரே லேபில், இடைவெளி விட்டு எடுத்த சில எண்களின் போக்குதான் பேசும்.
• 4 முதல் 6 வாரம்: புது மருந்து ஆரம்பித்தபின் இந்தக் காலத்தில் மார்க்கர் பொய்யாக ஏறலாம். சாகும் செல்கள் உதிர்ப்பதே அதற்குக் காரணம்.
• 1,51,538: மும்பை டாடா நினைவு மருத்துவமனை 20 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில் சேர்ந்த பெண்கள். பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மார்பைக் கையால் பரிசோதித்ததில், 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் மார்பகப் புற்று இறப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது. இளையவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. முடிவுகள் 2021-ல் வெளியாயின.

மார்க்கர் உதவும் இடம்

இவ்வளவு சொன்ன பிறகும் சிஏ 15-3-ஐக் குப்பையில் போட முடியாது. பரவிய நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்களிடம் அது நல்ல துணை. எலும்பில் மட்டும் பரவியிருந்தால் ஸ்கேனில் அளப்பது கஷ்டம். ஆறிய எலும்பும் நோயுள்ள எலும்பும் ஒரே மாதிரி தெரியும். அங்கே மாதாமாதம் இறங்கும் மார்க்கர், மருந்து கேட்கிறது என்று சொல்லும். தொடர்ந்து ஏறினால், ஸ்கேனை முன்கூட்டி எடுக்கலாம் என்று மருத்துவர் முடிவு செய்வார். அறிகுறி, பரிசோதனை, ஸ்கேன் இவற்றோடு சேர்த்து நாலாவதாக வைத்துப் பார்க்கும்போது அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு.

ஆரம்பம் முதலே மார்க்கர் உயராத நோயாளிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எத்தனை முறை எடுத்தாலும் 'நார்மல்' என்றே வரும். அந்த நார்மலை நம்பி முதுகுவலியை அலட்சியம் செய்தால் ஆபத்து.

மருத்துவர்கள் ஏன் எழுதுகிறார்கள்?

வழிகாட்டுதல் தெரிந்தும் எழுதும் மருத்துவர்கள் உண்டு. அவர்கள் பக்கமும் வாதம் இருக்கிறது. இத்தாலிய ஆய்வுகள் நடந்த காலத்தில் இன்றைய மருந்துகள் இல்லை. ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் பரவியிருக்கும்போதே பிடித்து, அந்த இடத்தைக் கதிர்வீச்சால் சுட்டுவிட்டால் நோயை வெல்லலாமே என்கிறார்கள். இதையும் அமெரிக்காவில் 125 பேரிடம் சோதித்தார்கள். வழக்கமான மருந்தோடு கதிர்வீச்சோ அறுவையோ சேர்த்தும், நோய் முற்றாமல் இருந்த காலம் நீளவில்லை என்று 2022-ல் அறிவித்தார்கள். புதிய மருந்துகளின் காலத்தில் கணக்கு மாறலாம். மாறியதாக இன்னும் நிரூபணம் வரவில்லை.

இன்னொரு காரணம் நோயாளியேதான். ஐந்து நிமிடம் பேசி, தொட்டுப் பார்த்து, "நல்லா இருக்கீங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றால் பலருக்குத் திருப்தி இல்லை. "ஒரு டெஸ்ட்டும் எழுதலையே" என்று முகம் சுருங்கும். கூட்டம் நெருக்கும் புறநோயாளிப் பிரிவில், ஏன் எழுதவில்லை என்று விளக்குவதைவிட எழுதிவிடுவது சுலபம்.

அடுத்த தலைமுறை ரத்தப் பரிசோதனை

புற்றுக்கட்டி உதிர்க்கும் டிஎன்ஏ துணுக்குகளை ரத்தத்தில் தேடும் சோதனைகள் இப்போது பேசுபொருள். மியூசினைப் போலன்றி, இவை கட்டியின் மரபணுப் பிழையையே காட்டுவதால் எந்த மருந்துக்கு நோய் பழகிவிட்டது என்றும் சொல்ல முடிகிறது. ஈஆர் உள்ள, பரவிய நோயில் நாளடைவில் 'ஈஎஸ்ஆர்1' என்ற மரபணு மாறி, ஹார்மோன் மாத்திரை தோற்கத் தொடங்கும். அந்த மாற்றத்தை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் தேடி, ஸ்கேனில் நோய் வளர்வதற்கு முன்பே மருந்தை மாற்றிப் பார்த்த 'செரீனா-6' ஆய்வின் முடிவுகள் 2025-ல் வந்தன. 3,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து, மாற்றம் தெரிந்த 315 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். மருந்தை மாற்றியவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்த காலம் 16 மாதம், மாற்றாதவர்களுக்கு 9.2 மாதம்.

ரத்தம் சொன்னதைக் கேட்டு மருந்தை மாற்றினால் பலன் உண்டு என்று பெரிய அளவில் காட்டியதால் இதற்கு இத்தனை வரவேற்பு. ஆனால் இதுவும் பரவிய நோயில், ஒரு குறிப்பிட்ட வகையில், ஒரு குறிப்பிட்ட மருந்தோடு கிடைத்த பலன். மொத்த ஆயுளும் கூடுகிறதா, ஸ்கேனில் வளர்ந்த பிறகு மாற்றியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்ற விவாதம் தொடர்கிறது. சிகிச்சை முடித்து நலமாக இருப்பவர்களிடம் இதே டிஎன்ஏவைத் தேடிய பிரிட்டன் ஆய்வொன்றில் வேறு பாடம் கிடைத்தது. அவர்களுக்கு வந்திருந்தது, ஹார்மோன் ஏற்பியோ ஹெர்-2வோ இல்லாத, மூர்க்கமான 'ட்ரிபிள் நெகட்டிவ்' வகை. ரத்தத்தில் டிஎன்ஏ தெரிந்தவர்களை உடனே ஸ்கேன் செய்தபோது பெரும்பாலோருக்கு நோய் ஏற்கெனவே பரவியிருந்தது.

[பெட்டி] ரிவ்யூவில் சொல்ல வேண்டியவை, கேட்க வேண்டியவை

• புதுக் கட்டி, தழும்பில் தடிப்பு, அக்குளில் வீக்கம், விடாத எலும்பு வலி, மூச்சிரைப்பு, விடாத தலைவலி, காரணமில்லாத எடை இழப்பு: இவற்றை அடுத்த ரிவ்யூவரை சேர்த்து வைக்காமல் உடனே சொல்லுங்கள்.
• வருடாந்திர மேமோகிராம் எடுத்த தேதியை ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.
• மார்க்கர் எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரே லேபில் எடுங்கள்.
• மார்க்கர் எழுதினால் கேளுங்கள்: "இது ஏறினால் என் சிகிச்சையில் எதை மாத்துவீங்க, டாக்டர்?"

மாற்றக் கூடியது மாத்திரைப் பெட்டியில்

ஈஆர் உள்ள நோயாளிகளுக்கு டாமாக்சிஃபென் மாத்திரையை ஐந்து ஆண்டுகள் தந்ததில் மார்பகப் புற்றால் வரும் இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக, உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியிட்ட கணக்கு சொல்கிறது. மூட்டுவலி, உடம்பில் திடீர்ச் சூடு, தூக்கமின்மை என்று சொல்லி ரெண்டாவது வருடத்திலேயே யாரிடமும் கேட்காமல் இந்த மாத்திரையை நிறுத்திவிடும் பெண்கள் ஏராளம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மார்க்கர் எடுக்கத் தவறாதவர்களிலும் இவர்கள் உண்டு. எதிர்காலத்தைக் காட்டும் என்று நம்பிய சோதனைக்குக் காசு செலவாகிறது. எதிர்காலத்தை மாற்றும் என்று நிரூபணமான மாத்திரை டப்பாவிலேயே கிடக்கிறது.

ரிவ்யூவின் அந்த ஐந்து நிமிடத்தை எதற்குச் செலவிடுவது என்பதை நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து மாற்றிக்கொள்ளலாம். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா, பக்கவிளைவு தாங்க முடிகிறதா, தாங்காவிட்டால் மாற்று என்ன, மேமோகிராம் எடுத்தாயிற்றா என்று பேசினால் அந்த நேரம் உருப்படும். மார்க்கர் வேண்டுமா என்ற முடிவுக்கு மேலே பெட்டியில் உள்ள கடைசிக் கேள்வி போதும். "ஏறினால் இதைச் செய்வோம்" என்று மருத்துவரிடம் தெளிவான பதில் இருந்தால் கையை நீட்டலாம். "சும்மா பார்த்து வைப்போமே" என்பதுதான் பதிலென்றால், "வேண்டாம் டாக்டர்" என்று சொல்ல நோயாளிக்கு உரிமையும் உண்டு, மருத்துவ நியாயமும் உண்டு.